மஞ்சள் பெட்டிக்கு வெளியே நின்றவர்கள்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் எஸ்.டி.டி. பூத் படம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், கண்ணாடிக் கதவு. அதன் கீழே எத்தனை கதைகள்! ராத்திரி 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்று காத்துக் கிடந்தது, சூரத்துக்கும் பாட்னாவுக்கும் தீபாவளி சரக்குக்காக மணிக்கணக்கில் கத்திப் பேசியது, தேர்வு முடிவு கேட்டது, பெண் பார்த்த விவரம் சொன்னது. எல்லாவற்றையும் படித்துச் சிரித்தேன். ஒரே ஒரு பதிவில் நின்றுவிட்டேன். 1990களில் என்னிடம் படித்த பெண், இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். "டீச்சர், எனக்கு அந்தக் கண்ணாடி மட்டும்தான் ஞாபகம்" என்று எழுதியிருந்தாள். அவளுக்குக் காது கேட்காது. உங்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும், முதல் பெஞ்சில் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவள்தான்.

பொதுத் தொலைபேசி என்று பெயர் வைத்தோம். அதில் 'பொது' என்பதற்குள் யார் யார் வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதைக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் யார் என்று வகுப்பில் கேட்டால் விஞ்ஞானி என்பீர்கள். அவர் நம் ஜாதி, பிள்ளைகளா! வாத்தியார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்கிய ஆசிரியர். அவருடைய அம்மா எலிசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மனைவி மேபலுக்கு ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறன் முழுதாகப் போய்விட்டது. 1876 மார்ச் 7இல் பெல் காப்புரிமை வாங்கிய கருவியை அவர் மனைவி ஒருநாளும் காதில் வைத்துக் கேட்டதில்லை. இத்தனைக்கும் பெல் சைகை மொழிக்கு எதிரானவர். உதட்டைப் பார்த்துப் பேசப் பழகினால் போதும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். எதிரே ஆள் இருந்தால்தானே உதட்டைப் பார்க்க முடியும்? அவர் கண்டுபிடித்த கருவியில் உதடே இல்லை!

சென்னைக்குத் தொலைபேசி இணைப்பகம் 1882 ஜனவரியில் வந்துவிட்டது, கல்கத்தா, பம்பாயோடு சேர்த்து. அதற்குப் பிறகு நூறு வருடம் அது பணக்காரர் வீட்டுப் பொருள்தான், அதை விட்டுவிடுவோம். அதே காலத்தில் நம் பக்கத்தில் நடந்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும். 1890களில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே விடுதியில் தங்கிப் படித்தவர்கள்தான். அவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். எழுதத் தெரிந்தவருக்கு அந்தக் காலத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று கடிதம், மற்றொன்று தந்தி. தந்தி ஆபீசில் காது தேவையில்லை. தாளில் எழுதிக் கொடுத்தால் அனுப்பிவிடுவார்கள், பதிலும் தாளில் வரும். தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டும், ஒரு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. ஆனாலும் ஒரு மனுஷருக்கு அவசரச் செய்தியைத் தானே சொல்ல வழி இருந்தது. 2013 ஜூலையில் தந்தி நிறுத்தப்பட்டபோது எல்லோரும் உருகி எழுதினோம். காது கேளாதவருக்கு அது ஒரு காலத்தில் தொலைபேசியாக இருந்தது என்பதை எழுதிய ஆளை நான் பார்க்கவில்லை.

1984இல் சி-டாட் வந்தது. சாம் பிட்ரோடா பெயர் உங்களுக்குத் தெரியும். சின்ன ஊர்களுக்கு ஏற்ற இணைப்பகக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்தார்கள். கையோடு மஞ்சள் பெட்டிகளும் தெருத்தெருவாக வந்தன. 1985இல் காமராஜர் மாவட்டம் என்று நம் மாவட்டம் தனியாகப் பிரிந்து, அடுத்த சில வருடங்களில் விருதுநகர் பேருந்து நிலையத்திலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும், சிவகாசியில் லாரி ஆபீசுகள் இருக்கும் தெருக்களிலும் பூத் இல்லாத இடமில்லை என்று ஆனது.

இந்த இடத்தில் கவனியுங்கள். பூத் யாருக்குக் கொடுப்பது என்பதற்கு அரசாங்கத்தில் விதி இருந்தது. வேலையில்லாப் பட்டதாரிகள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோரோடு உடல் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை. நல்ல விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். போலியோவில் கால் போன எத்தனையோ பேர் அந்தக் கண்ணாடிப் பெட்டியை வைத்துத்தான் குடும்பம் நடத்தினார்கள், தங்கையைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த விதி பெட்டிக்குள் உட்காருபவரைத்தான் பார்த்தது. பேச வந்து நிற்பவருக்குக் காது கேட்குமா என்று யோசிக்கவில்லை.

அப்போது காது கேளாதவர்கள் என்ன செய்தார்கள்? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தெரு முனையில் பூத் வைத்திருந்த அண்ணாச்சி மூன்று சக்கர வண்டியில் வருவார். மேலே சொன்ன மாணவி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவாள். அவள் அப்பா திருப்பூரில் வேலை. மேலே எண், கீழே சொல்ல வேண்டிய செய்தி. அண்ணாச்சி எண்ணைப் போட்டு, "உங்க பாப்பா சொல்லுது" என்று ஆரம்பித்துத் தாளைப் படிப்பார். அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டு, பில் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். அவள் படித்துவிட்டு மறுபடி எழுதுவாள். மீட்டர் பாட்டுக்கு ஓடும். நம்மைவிட மூன்று மடங்கு நேரம், மூன்று மடங்கு காசு. அண்ணாச்சி பல தடவை பாதிதான் வாங்கிக்கொள்வார் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒன்று. அண்ணாச்சி உரக்கப் பேசுவார். வரிசையில் நிற்கிற எட்டுப் பேருக்கும் கேட்கும். அப்பா பணம் அனுப்பவில்லை என்பதும், வந்த வரன் தட்டிப்போனது என்பதும் அவளைத் தவிர மற்ற எல்லார் காதிலும் விழுந்தது. வீட்டு ரகசியம் தெருவுக்கு வந்துவிட்டதை அவள் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒரு நாள் பூத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு கார்டுதான். அண்ணாச்சி மேல் தப்பில்லை. அவர் ஒரு உபகாரமாகச் செய்தார், உபகாரத்துக்குச் சட்டதிட்டம் கிடையாதல்லவா?

இதையே வேறொரு நாடு சட்டமாக்கிய கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்று ஒரு இயற்பியலாளர், பிறவியிலேயே காது கேளாதவர். அவருடைய நண்பர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் பல் மருத்துவர், அவருக்கும் கேட்காது. 1964இல் இவர்கள் தந்தி ஆபீசில் கடகடவென்று அடிக்குமே, அந்த டெலிபிரிண்டரைச் சாதாரணத் தொலைபேசியோடு இணைத்தார்கள். ரிசீவரை ஒரு தொட்டில் மாதிரி இருக்கும் கருவியில் கவிழ்த்து வைத்தால், தட்டெழுத்து ஒலியாக மாறிப் போகும், அந்தப் பக்கம் ஒலி எழுத்தாக மாறி வரும். நாம் போனில் பேசும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் ஆரம்பிப்பது குரலிலேயே தெரிந்துவிடும். அவர்களுக்கு அது தெரியாதே! அதனால் ஒவ்வொருவரும் முடித்ததும் 'ஜி.ஏ.' என்று இரண்டு எழுத்தை அடிப்பார்கள். நீ பேசு என்று பொருள். தொலைபேசிக் கம்பெனி கழித்துப் போட்ட பழைய டெலிபிரிண்டர்கள் காது கேளாதவர்களின் வீடுகளுக்குப் போயின. ஒவ்வொன்றும் பீரோ கனம்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை உண்டு. டெலிபிரிண்டர் ஒன்றும் நமக்குத் தெரியாத பொருள் அல்ல. சென்னை கிண்டியில் 1960 முதல் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற அரசு நிறுவனமே அதைச் செய்துகொண்டிருந்தது. கருவி நம் ஊரிலேயே இருந்தது, தொலைபேசிக் கம்பியும் இருந்தது. ஆனால் எழுத்து? டெலிபிரிண்டர் ஒரு எழுத்துக்கு ஐந்து துடிப்புகளை வைத்துக் கணக்குப் போடுவது. இரண்டின் ஐந்தாம் அடுக்கு எவ்வளவு? 32. மாற்று விசையைத் தட்டினால் இன்னொரு மடங்கு. இங்கிலீஷின் 26 எழுத்துக்கும் எண்களுக்கும் அது தாராளம். நம்முடைய 247க்கு எங்கே போவது? பாளையங்கோட்டையில் தமிழ் படித்து வந்த பிள்ளைக்கு அந்தக் கருவியை வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாலும் பாதிதான் பயன்பட்டிருக்கும்.

அங்கே சட்டம் எப்படி வந்தது என்பது இன்னும் சுவையானது. காது கேட்கும் கருவியில் ஒரு சின்ன கம்பிச் சுருள் இருக்கும். பழைய தொலைபேசி ரிசீவரிலிருந்து காந்தப்புலம் கொஞ்சம் வெளியே கசியும். அந்தக் கசிவைச் சுருள் பிடித்து ஒலியாக மாற்றிவிடும். சுற்றியிருக்கும் இரைச்சல் எதுவும் வராது, பேசுபவர் குரல் மட்டும் தெளிவாக வரும். எட்டாம் வகுப்பில் நாம் படித்த மின்காந்தத் தூண்டல்தான். 1970களில் புது மாதிரி ரிசீவர்கள் வந்தன, காந்தம் கசியாத சிக்கனமான ரிசீவர்கள். பொறியாளருக்கு அது முன்னேற்றம். காது கேட்கும் கருவி வைத்திருந்தவருக்கோ தெருமுனைத் தொலைபேசி திடீரென்று ஊமையாகிவிட்டது. போராடினார்கள். 1982இல் ஒரு சட்டம் வந்தது, காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசி போன்ற அத்தியாவசியத் தொலைபேசிகள் காது கேட்கும் கருவிக்கு ஒத்துப்போக வேண்டும் என்று. 1988இல் இன்னொன்று, அனேகமாக எல்லாத் தொலைபேசிகளுக்கும். 1990 ஜூலை 26இல் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டம் வந்தது. அதன்படி மூன்று வருடத்துக்குள் நாடு முழுக்க 24 மணி நேரமும் இடையாள் சேவை இருந்தாக வேண்டும். காது கேளாதவர் தட்டச்சு செய்வார், நடுவில் ஒருவர் அதைப் படித்து அந்தப் பக்கம் சொல்வார், பதிலைத் தட்டச்சு செய்து காட்டுவார். நம் அண்ணாச்சி செய்த அதே வேலை! ஆனால் அவர் சொன்னதை மாற்றக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது, குறித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சாதாரண அழைப்பைவிடக் கூடுதல் கட்டணமும் வாங்கக் கூடாது. ஒரு கட்டடத்தில் நான்கு பொதுத் தொலைபேசி இருந்து, அதில் ஒன்றாவது உள்ளே இருந்தால், உள்ளே இருப்பவற்றில் ஒன்றில் எழுத்துக் கருவி இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. ரிசீவருக்குக் கீழே மேசை டிராயர் மாதிரி ஒரு தட்டு, தேவைப்படும்போது வெளியே வரும்.

நம் நாட்டில் ஊனமுற்றோர் சட்டம் 1995இல் நிறைவேறி 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நான் அதைப் பொறுமையாகப் படித்திருக்கிறேன். சாலை சிக்னலில் பார்வையற்றவருக்காக ஒலி வேண்டும் என்று இருக்கிறது. ரயில் நிலைய நடைமேடை ஓரத்தில் தடம் வேண்டும், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை வேண்டும், லிஃப்டில் பிரெயில் வேண்டும் என்று இருக்கிறது. தொலைபேசி? அந்தப் பட்டியலில் அது இல்லை. எஸ்.டி.டி. பூத்துகள் உச்சத்தில் இருந்த காலம் அது! நல்ல காதில் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்று அளந்து சொன்ன சட்டம், அவர் எப்படிப் போன் பேசுவார் என்று கேட்காமல் விட்டுவிட்டது.

அளவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊர் வெடிக்கும் ஒரு டெசிபல் கணக்கு உண்டு, தெரியும்தானே? 1999 அக்டோபரில் வந்த விதி, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது. பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கும் உங்களுக்கு இது மனப்பாடம். சத்தத்தை அளந்த அளவுக்கு, சத்தம் எட்டாதவரை நாம் எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

காது கேட்கும் கருவி இங்கேயும் கொடுத்தார்கள். 1981 முதல் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. என் மாணவிக்கும் சட்டைப்பையில் வைக்கும் பெட்டி ஒன்று ஒரு முகாமில் கிடைத்தது. அதன் விசையில் 'எம்', 'டி' என்று எழுத்துகள் இருந்தன. 'டி' என்றால் தொலைபேசி, மேலே சொன்ன கம்பிச் சுருள். அந்த முகாமில் யாரும் அதை அவளுக்கு விளக்கவில்லை. சொல்லியிருந்தாலும் நம் தெரு பூத்து ரிசீவரில் காந்தம் கசிந்ததா, கசிய வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள்? பிறகு பெட்டிக் கடைகளில் ஒரு ரூபாய் நாணயம் போடும் பெட்டிகள் வந்தன. நேரம் முடியப்போகிறது, காசு போடு என்று அது 'பீப்' என்று சொல்லும். அதுவும் காதுக்குத்தான்.

பிறகு செல்போன் வந்தது. நமக்கு அது கையில் எடுத்துப் போகும் தொலைபேசி. காது கேளாதவருக்கு, முதல் முறையாகத் தொலைபேசி. எல்லாம் குறுஞ்செய்தியால். அதில் அதிர்வு வைத்திருந்தார்கள், பாருங்கள், மணி அடிப்பதற்குப் பதிலாக நடுங்கும். அதைக் காது கேளாதவருக்காக வைக்கவில்லை, கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக வைத்தது. ஆனால் என் மாணவி அந்த நடுக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது முகமே மாறும். கடிதம் எழுதிவிட்டுப் பத்து நாள் காத்திருந்த பெண்ணுக்குப் பத்து விநாடியில் பதில்.

அதிலும் தமிழுக்கு வரி உண்டு. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் ஒரு செய்தியில் 160 எழுத்து போகும். தமிழில் அடித்தால் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'கொ' என்று அடித்தால் இரண்டு. ஆகவே நம் பிள்ளைகள் 'அம்மா எப்படி இருக்கீங்க' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கப் பழகினார்கள். தந்தி ஆபீசில் தாத்தா செய்தது மாதிரியே.

தீபாவளி, புத்தாண்டு போன்ற நாட்களில் சலுகைத் திட்டம் செல்லாது, ஒவ்வொரு செய்திக்கும் முழுக் காசு என்று கம்பெனிகள் வைத்திருந்ததும் நினைவிருக்கும். வருடத்தில் ஐந்து நாள் வரை அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று விதி. வாழ்த்து அனுப்புகிற நமக்கு அது சின்ன எரிச்சல். வாழ்த்தும் வழக்கும் எல்லாமே அதில்தான் என்றிருப்பவருக்கு?

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. 2011 செப்டம்பர் 27. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், ஒரு கைபேசியிலிருந்து ஒரு நாளைக்கு 100 குறுஞ்செய்திக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு கொண்டுவந்தது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று தொல்லை கொடுத்த விளம்பரக்காரர்களைப் பிடிப்பதற்காக. நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். 100 என்பது பெரிய எண்ணிக்கை என்று தோன்றும். நாம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன் பேசுவோமே, அதில் எத்தனை வாக்கியம் பேசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். 'சரி' என்பது ஒரு செய்தி. 'எப்போ வருவே' என்பது ஒரு செய்தி. தமிழில் கொஞ்சம் நீட்டினால் இரண்டாகிவிடும். என் மாணவிக்கு அப்போது கல்யாணம் பேசி முடிந்த நேரம், மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அன்றைய பேச்சு தீர்ந்துவிடும் என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் விடியும் வரை வாய்ப்பூட்டு. பேசுகிறவர்களுக்கு நாளைக்கு இத்தனை வாக்கியம்தான் என்று சட்டம் போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

நவம்பரில் 200 ஆக்கினார்கள். 2012 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம், தனிநபருக்கு இப்படிக் கட்டுப்பாடு வைப்பது பேச்சுரிமையில் கை வைப்பது என்று அதை நீக்கியது. பேச்சுரிமை! எனக்கு அந்த வார்த்தை அன்று புதிதாகக் கேட்டது. ஆனால் ஒரு மாதம்தான். வடகிழக்கு மாநிலத்தவரைப் பற்றி வதந்தி பரவி ரயில் ரயிலாக மக்கள் ஊருக்கு ஓடினார்களே, அந்த ஆகஸ்டில் மத்திய அரசு குறுஞ்செய்தியை 5 என்று வெட்டியது. சில நாள் கழித்து 20. வதந்தியைத் தடுக்க வேண்டியது அவசியம்தான், அதை நான் மறுக்கவில்லை. குரல் அழைப்பை யாரும் தொடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த மாதம் நடந்ததை நம் மாவட்டம் மறக்காது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து, ஏறத்தாழ 40 உயிர். அன்று ஒவ்வொரு வீட்டிலும் நாம் செய்தது என்ன? போன் எடுத்து எண்ணைப் போட்டு, 'எடுக்கிறானா, எடுக்கிறானா' என்று காதில் வைத்துக்கொண்டு நின்றோம். காது கேளாத அப்பா அம்மா அன்று பக்கத்து வீட்டுக்காரர் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் செவித்திறன் குறைந்தவர்கள் என்று பதிவானவர்கள் நாடு முழுக்க 50 லட்சம் பேருக்கு மேல். 2007இல் நாம் கையெழுத்திட்டு ஏற்ற ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தில் தகவல் தொடர்பும் அவசரகால சேவையும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. அதையொட்டி வந்ததுதான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இதில் தகவல் தொடர்புக்குத் தனிப் பிரிவே உண்டு. சைகை மொழிபெயர்ப்பு, எழுத்து வரி, அன்றாடக் கருவிகள் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் வந்துவிட்டன. 2018 ஜூலையில் டிராயும் பரிந்துரை கொடுத்தது. ஐந்தோ அதற்கு மேலோ மாடல் செய்யும் கைபேசிக் கம்பெனி, 2020 முடிவதற்குள் அதில் ஒன்றையாவது மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வகையில் செய்ய வேண்டும், வாடிக்கையாளர் மையங்களில் அவர்களுக்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்று. பரிந்துரை வேறு, கட்டளை வேறு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் பூத்தெல்லாம் ஜெராக்ஸ் கடையாகவும் ரீசார்ஜ் கடையாகவும் மாறியிருந்தது. பொதுத் தொலைபேசி இருந்த காலத்தில் சட்டம் வரவில்லை, சட்டம் வந்தபோது பொதுத் தொலைபேசி இல்லை.

2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் குழப்பத்தைத்தான் பிடித்தது. அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளாக ஆக்குங்கள் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு கொடுத்தது.

இப்போது என் மாணவி வாட்ஸ்ஆப் வீடியோவில் கணவரோடு சைகையில் பேசுகிறாள். 2016க்குப் பிறகு டேட்டா மலிவானதில் எந்த விதியும் இல்லாமல் வந்த வரம் அது. ஆனால் வங்கியிலிருந்து குரல் அழைப்பு வந்தால் இன்னமும் பள்ளியில் படிக்கும் மகனிடம்தான் கொடுக்கிறாள். அண்ணாச்சி இருந்த இடத்தில் மகன். கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தவணை நின்றுபோனது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

அவசர எண் 112க்குக் கைபேசிச் செயலியும் ஆபத்துப் பொத்தானும் இருக்கின்றன. சாதாரண போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும், ஸ்மார்ட் போனில் பவர் பொத்தானை மூன்று முறை தட்ட வேண்டும். அழைப்பு போய்விடும். எங்கே, என்ன என்று அவர்கள் குரலில் கேட்டால் பதில் சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்று போர்மேனாகவும் மேனேஜராகவும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. உங்கள் இடத்துச் சுவரில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், முதலாளி வீடு என்று எண்கள் எழுதிப் போட்டிருப்பீர்கள். அத்தனையும் பேசும் எண். அதன் கீழே, எழுத்தில் செய்தி அனுப்பினால் உடனே பார்த்துப் பதில் போடுகிற ஒருவருடைய வாட்ஸ்ஆப் எண்ணையும் எழுதுங்கள். சங்கு ஊதும் இடத்தில் ஒரு சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியும்படி வைக்க எவ்வளவு ஆகும் என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டுச் சொல்லுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.